அத்தியாயம் 6: பொறுப்புக் கைமாறும்போது எழுதும் மின்னஞ்சல்

வன்னியின் முள்ளியவளையில் தொழில் நடத்துகிற ஒருவரின் வாடிக்கையாளர்களில் பலர் ஊரில் இல்லாதவர்கள். தண்ணீரூற்றிலும் ஒட்டுசுட்டானிலும் வாங்கிச் சேர்த்த கச்சான் கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்குப் போகிறது. ரொறன்ரோவில் இருக்கிற ஒருவர் தன் தாய்வளவுக்கு மதில் கட்ட இங்குள்ள ஒப்பந்தகாரருக்குத் தவணை தவணையாகக் காசு அனுப்புகிறார். இவர்கள் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் கணக்கைப் பார்க்கிற ஒருவருடைய குரலும் அவர் அனுப்பும் மின்னஞ்சலும்தான். அந்தக் கணக்கு முகாமையாளர் வேலையை விட்டுப் போனாலோ, வேறு பகுதிக்கு மாறினாலோ, அவருடைய இடத்துக்கு வருபவரை அறிமுகப்படுத்தி ஒரு மின்னஞ்சல் போகும். வழக்கமாக அந்தக் கடிதம் புதியவரின் பட்டத்தையும் அனுபவத்தையும் சொல்லி, ‘உங்கள் தொடர்ந்த ஆதரவை எதிர்பார்க்கிறோம்’ என்று முடியும். வாடிக்கையாளர் கேட்க நினைத்த ஒரே கேள்விக்கு அதில் பதில் இராது: முந்தினவர் எனக்குச் சொன்ன சொல்லை இனி ஆர் காப்பாற்றுவது? அறிமுகக் கடிதத்தின் முதல் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆள் மாறுவதை அறிவிப்பது அதற்குள் அடங்கும் சிறிய வேலை.

வன்னியில் இந்தக் கேள்விக்குக் கனம் கூட. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் தமிழீழ வைப்பகத்தில் நகை அடகு வைத்தவர்களுக்கு, 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு அந்த அடகுக்குப் பொறுப்புச் சொல்ல ஓர் ஆளும் இருக்கவில்லை. போரின் முடிவில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்ததே 2025 மே மாதத்தில்தான். மீள்குடியேற்றத்துக்குப் பின் வந்த நுண்கடன் காலம் அதே பாடத்தை வேறு விதத்தில் சொன்னது. ஒரே பெண் பல நிறுவனங்களிடம் கடன் பட்டிருந்தாள். கிழமைக்குக் கிழமை வசூலிக்க ஆள் வந்தது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி இந்தக் கடன்களையும் அவற்றை வசூலிக்கும் விதத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நீக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டியும் வறட்சியும் பெரிய காரணங்கள். ஆனால், ‘இந்தக் கிழமை பொறுக்கலாம்’ என்று ஓர் உத்தியோகத்தர் வாயால் சொன்ன சலுகை அவரோடேயே போய்விடுகிற ஏற்பாட்டில், கடன்பட்டவருக்கு எந்தப் பிடிமானமும் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ‘முந்தி இருந்த தம்பி ஓமெண்டு சொன்னவர்’ என்று அவர் சொன்னால், ‘எனக்கு அப்படி ஒண்டும் சொல்லப்படேல்லை’ என்று புதியவர் கையை விரிப்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிழை, சொன்னதை எழுதிக் கைமாற்றாத நிறுவனத்தின் மேல்.

வாதம் இதுவென்றால், கடிதத்தை யார் எழுதுவது என்பதும் தானாகவே தெளிவாகும். வாக்குக் கொடுத்தவரே எழுத வேண்டும். போகிறவர் தன் பெயரில், தன் வழக்கமான மின்னஞ்சல் முகவரியிலிருந்து, அந்த வாடிக்கையாளரோடு கடைசியாகப் பரிமாறிய கடிதத்துக்குத் தொடர்ச்சியாகவே அனுப்புவது சிறப்பு. புதியவருக்கும் உரிமையாளருக்கும் பிரதி போகட்டும். புதியவர் தானே முந்திக்கொண்டு, ‘இனி உங்கள் கணக்கைப் பார்க்கப்போவது நான்’ என்று எழுதினால் அது மரியாதைக் குறைவாகப் படும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் கடிதம் மோசடிக் கடிதத்தின் சாயலில் இருப்பது. தெரியாத ஒருவர், தெரிந்த நிறுவனத்தின் பெயரில், இனித் தன்னோடு பேசும்படி கேட்பதுதான் உலகெங்கும் நடக்கிற வணிக மின்னஞ்சல் மோசடியின் முதல் அடி. 2013 முதல் 2015 வரை லித்துவேனியரான எவால்தாஸ் ரிமசௌஸ்கஸ், கூகுளுக்கும் முகநூலுக்கும் பொருள் வழங்கிவந்த தாய்வான் நிறுவனமான குவாண்டா கம்பியூட்டரின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிந்து, போலி மின்னஞ்சல்களாலும் போலி விலைப்பட்டியல்களாலும் அந்த இரண்டிடமிருந்தும் 10 கோடி டொலருக்கு மேல் கறந்தார். 2019 டிசெம்பரில் அவருக்கு 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இந்த வகை மோசடியால் 2023இல் மட்டும் 290 கோடி டொலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ.யிடம் முறையிடப்பட்டது. கணக்காளர் படையையே வைத்திருக்கிற நிறுவனங்கள் ஏமாந்த இடத்தில், வெள்ளவத்தையில் தனியாகக் கடை நடத்துகிறவர் ஏமாற மாட்டார் என்று நாம் இருக்கக்கூடாது.

ஆகவே ஒரு விதியை எந்த விலக்கும் இல்லாமல் கடைப்பிடியுங்கள்: அறிமுகக் கடிதத்தில் வங்கிக் கணக்கு மாற்றத்தைச் சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கை உண்மையாகவே மாற்ற வேண்டி இருந்தால் அதற்குச் சில கிழமைகள் கழித்து வேறு கடிதமும், வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும். அறிமுகக் கடிதத்தில் எழுத வேண்டியது இதற்கு நேர்மாறானது: ‘காசு செலுத்தும் கணக்கு மாறவில்லை. மாறியதாக யாராவது எழுதினால் அலுவலகத்தின் பழைய இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.’ இந்த இரண்டு வசனமும் கடிதத்தில் இருந்தால், எங்கள் பெயரில் பிறகு எவராவது மோசடி செய்ய வந்தாலும் வாடிக்கையாளர் ஒருதரம் நின்று யோசிப்பார்.

கடிதத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடிதத்தின் தரம் அதில்தான் தங்கியிருக்கிறது. போகிறவரும் வருகிறவரும் ஒரு மேசையில் இருந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுத்த வாக்குகளை எழுத வேண்டும். விலையும் அளவும் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கும். அவற்றைத் திரும்ப எழுதுவதில் பயன் குறைவு. தேட வேண்டியவை எழுத்தில் இல்லாத சலுகைகள். இந்தக் கடைக்கு 15 நாள் கடன் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். தீபாவளி மாதத்தில் 30 நாள் என்று வாயால் சொல்லப்பட்டிருக்கும். சென்ற போகத்தில் மழையில் நனைந்துபோன இரண்டு மூட்டைக்கான காசை அடுத்த பட்டியலில் கழிப்பதாக ஒத்துக்கொண்டிருப்பார்கள். மதில் வேலையில், வேலியோரத்துப் பனை இரண்டையும் தறிக்காமல் சுவரை வளைத்துக் கட்டச் சொல்லியிருப்பார் வளவுக்காரர். இவற்றை நினைவிலிருந்து மட்டும் எடுக்க முயல வேண்டாம். கடந்த ஆறு மாத மின்னஞ்சல், வாட்ஸ்அப், வைபர் உரையாடல்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ‘சரி’, ‘பாப்பம்’, ‘செய்து தரலாம்’ என்று போகிறவர் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நின்று, அது வாக்கா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள். ‘பாப்பம்’ என்று எழுதியவருக்கு அது தட்டிக்கழித்தலாக இருந்திருக்கலாம். வாசித்தவர் அதைச் சம்மதமாக எடுத்திருப்பார். அதைத் தீர்த்துக்கொள்ள எழுதியவர் இருக்கும்போதே முடியும்.

இந்த வாக்குப் பட்டியல் கையில் இருந்தால் கடிதம் எழுதக் கால் மணித்தியாலம் போதும். வெள்ளவத்தைக் கடைக்கு எழுதும் ஒரு கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

பொருள்: உங்கள் கச்சான் கணக்கு – 1ஆம் திகதி முதல் என் இடத்தில் திருமதி ……

மதிப்புக்குரிய …… ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். 1ஆம் திகதியிலிருந்து உங்கள் கணக்கைத் திருமதி …… பார்ப்பார். இரண்டு வருடமாக எங்கள் களஞ்சியத்தில் மூட்டைகளைத் தரம் பார்த்து அனுப்பியவர் அவர்தான். உங்களுக்கு வந்த ஒவ்வொரு மூட்டையும் அவர் கையால் வந்தது.

நான் உங்களுக்குச் சொன்னவற்றில் நிலுவையாக உள்ளவை மூன்று. நனைந்த இரண்டு மூட்டைக்கான காசு அடுத்த பட்டியலில் கழிக்கப்படும். தீபாவளி மாதத்தில் 30 நாள் தவணை இந்த வருடமும் உண்டு. சிறிய பொதிகளுக்குத் தமிழில் சுட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னது இன்னும் முடியவில்லை. ஆனி மாத அனுப்பலில் அது வரும். மூன்றையும் திருமதி …… அறிவார்; எங்கள் உரிமையாளரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் மறந்த வேறு எதுவும் இருந்தால் தயவுசெய்து 25ஆம் திகதிக்கு முன் எனக்கு எழுதுங்கள்.

காசு செலுத்தும் வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறியதாக யாராவது எழுதினால், நீங்கள் வழக்கமாக எடுக்கும் அலுவலக இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

வரும் வியாழன் மாலை 4 மணிக்கு நானும் திருமதி …… அவர்களும் சேர்ந்து உங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறோம். அந்த நேரம் வசதியில்லை என்றால் ஒரு வரி எழுதினால் போதும்.

இவ்வளவு காலம் என்னோடு பொறுமையாக நடந்துகொண்டதற்கு மனமார்ந்த நன்றி.

இக்கடிதத்தில் புதியவரைப் பற்றிய புகழ்ச்சி ஒரு வசனமும் இல்லை. இருப்பது, வாடிக்கையாளருக்குப் பயன்படுகிற ஒரேயொரு தகவல்: மூட்டைகளைத் தரம் பார்த்தவர் அவர். பட்டமும் பயிற்சியும் உரிமையாளர் அவரை வேலைக்கு எடுப்பதற்கான காரணங்கள்; கடைக்காரர் அவரை நம்புவதற்குக் காரணம் அந்த மூட்டைகள். ‘நான் மறந்தது இருந்தால் எழுதுங்கள்’ என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். எவ்வளவு கவனமாகப் பட்டியல் போட்டாலும் வாடிக்கையாளரின் நினைவில் உள்ள வாக்கு ஒன்று அதில் விடுபட்டிருக்கும். அதற்கு ஒரு திகதியும் குறித்திருப்பதால், பல மாதம் கழித்துப் புதுப்புதுச் சலுகைகள் கிளம்புவதும் குறையும். முடியாத வேலையை முடியவில்லை என்றே எழுதியிருப்பதையும் கவனியுங்கள். மறைத்து அனுப்பினால் புதியவரின் முதல் உரையாடல் முறைப்பாட்டில்தான் தொடங்கும்.

அனுப்பும் விதத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் கடிதம் போக வேண்டும். எல்லோருடைய முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பினால், ஒருவருடைய தொடர்பு விவரத்தை மற்றவருக்குக் காட்டிக்கொடுத்தவர் ஆவீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைச் சாதாரண கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ‘காசு பிந்தித் தருபவர்’, ‘வீட்டில் சுகமில்லை’ போன்ற குறிப்புகள் இரண்டு முகாமையாளருக்கும் இடையிலேயே இருக்கட்டும். தப்பித் தவறியும் பிரதியில் போகக்கூடாது. தமிழை யூனிகோடில் தட்டச்சுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாதவரின் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும்; அது குப்பைக் கடிதம் என்று அழிக்கப்பட்டும் விடலாம். தொலைபேசி நேரத்தைக் குறிக்கும்போது அங்குள்ள மணியைப் பாருங்கள். முள்ளியவளையில் காலை 9 மணி என்றால் கோடைகாலத்து ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 11.30. இங்கே மாலை 6.30க்கு எடுத்தால் அங்கே காலை 9 மணி. கைமாற்றும் காலத்தையும் தெரிந்தெடுங்கள். அறுவடை நெருக்கத்திலும், வைகாசியில் காட்டு விநாயகர் ஆலயத்தில் தொடங்கி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடியும் வரையான நாள்களிலும் ஊரில் எவரும் மேசையில் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் வந்த கேள்விக்குப் பதில் பிந்தினால் புதியவரைத்தான் குறை சொல்வார்கள்.

இந்த முறைக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது, எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பது. வாய்ச்சொல்லாக இருந்தால் சூழ்நிலைக்கேற்ப நடக்கலாம்; எழுத்தில் கொடுத்தால் நீதிமன்றம் வரை வருமே என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது காலம் பிந்தியது. ஒரு செய்தி மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் ஏற்கெனவே நிலைநாட்டிவிட்டது. முந்தினவர் வாட்ஸ்அப்பில் எழுதிய ‘சரி அண்ணை, செய்து தாறன்’ வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அது எங்களிடம் இல்லை என்பதால் இல்லாமல் போவதில்லை. பட்டியல் போட்டு எழுதுவதால் புதிய கடப்பாடு எதுவும் பிறப்பதில்லை. உள்ள கடப்பாட்டின் அளவு நமக்கே தெரியவருகிறது. காப்பாற்ற முடியாத வாக்கு ஒன்று பட்டியலில் இருந்தால், அதைக் கொடுத்தவரே மன்னிப்புக் கேட்டு விளக்கிவிட்டுப் போவது, புதியவர் வந்து மறுப்பதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது மறுப்பு, போகிறவர் கோபித்துக்கொண்டு போனால் அல்லது விலக்கப்பட்டால் அவர் எப்படி எழுதுவார் என்பது. எழுத மாட்டார், எழுதச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அப்போது உரிமையாளரோ கிளை முகாமையாளரோ முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, அன்றைக்கே தன் பெயரில் கடிதம் அனுப்ப வேண்டும். பிரிந்தவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லத் தேவையில்லை. ‘இப்போது எங்களோடு இல்லை’ என்பது போதும். ஆனால் வாக்குகளைப் பற்றிய பந்தி அதில் இன்னும் அவசியம்: ‘அவர் உங்களுக்கு ஒத்துக்கொண்டவற்றை இந்தத் திகதிக்கு முன் எங்களுக்கு எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் தருவோம்.’ பிரிவு கசப்பாக இருந்தாலும் அதன் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்ட நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, எங்கள் ஆட்கள் மின்னஞ்சல் பார்க்கிறவர்கள் இல்லை என்பது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. ஊருக்குள் உள்ள வாடிக்கையாளர் பலருக்குப் பொருந்தும். கச்சான் தருகிற கமக்காரருக்கும் தவணைக்கு இயந்திரம் எடுத்தவருக்கும் அதே கடிதத்தைத் தமிழில் அச்சிட்டு, முத்திரை குத்தி, பழையவரும் புதியவரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுங்கள். தனியாக இருக்கிற பெண்களின் வீட்டுக்கு வசூலிக்கவோ வேலை பார்க்கவோ ஆள் போகிற தொழிலென்றால் இது சலுகை அல்ல, கடமை. யார் வரலாம், எந்த நேரத்தில் வரலாம், எந்த அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம் என்பவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் புதியவரின் படத்தை அனுப்புவதும் நல்லது; ஆனால் அது கடிதத்துக்குத் துணையாக இருக்கட்டும், பதிலாக வேண்டாம். உரையாடல்கள் அழியும், கைத்தொலைபேசி தொலையும். கடிதம் இரண்டு பக்கத்திலும் இருக்கும்.

நான்காவது மறுப்பு நம் ஊரிலிருந்து வருவது. ‘ஆற்ற பிள்ளை, எந்த இடம்?’ என்று கேட்காமல் இங்கே எவரும் ஒருவரை ஏற்பதில்லை. ஆகவே புதியவரின் குடும்பத்தையும் ஊரையும் எழுதினால்தான் நம்பிக்கை வரும் என்பார்கள். அந்தக் கேள்விக்குள் அக்கறையும் இருக்கிறது, ஒதுக்கலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்கு வந்த ஒருவரை, வேலையைத் தொடங்கும் முன்பே அது பின்னுக்குத் தள்ளிவிடும். கேட்பவருக்குத் தேவையான உறுதி, பிறகு தேடினால் இவரைப் பிடிக்க முடியுமா என்பது. அதற்குப் பதில் குடும்பப் பெயரில் இல்லை. இவர் எந்த மேசையில் இருப்பார், எந்த நாள்களில் இருப்பார், இவர் இல்லாதபோது யாரிடம் கேட்கலாம் என்பதில் இருக்கிறது. அதை எழுதுங்கள், மற்றதைச் சொல்வதா விடுவதா என்பது புதியவரின் விருப்பம்.

கடிதம் போனதோடு கைமாற்றம் முடிவதில்லை. சேர்ந்து எடுக்கும் தொலைபேசி அழைப்பில் பழையவர் தொடங்கிவைத்து, பட்டியலை வாசித்து, மிச்சத்தைப் புதியவரிடம் விட வேண்டும். அன்றைக்கே புதியவர் தன் பெயரில் சிறிய கடிதம் ஒன்று அனுப்பட்டும்: பேசியவை இவை, முதலில் முடிக்கப்போவது இது, இந்தத் திகதிக்குள். முதலாவதாகப் பெரிய வாக்கை எடுக்க வேண்டாம். நனைந்த மூட்டைக்கான கழிவைப் போல, ஒரே நாளில் முடியக்கூடிய ஒன்றை எடுத்து முடித்துக்காட்டினால், மற்றவற்றுக்கு வாடிக்கையாளர் பொறுமை காப்பார். பழையவரின் மின்னஞ்சல் முகவரியை உடனே மூடிவிடாமல், சில மாதங்களுக்கு அங்கே வருபவை புதியவருக்குப் போகும்படி திருப்பிவிடுங்கள். பழைய முகவரிக்கு எழுதிப் பதில் கிடைக்காதவர் நிறுவனமே மூடிவிட்டது என்று எண்ணுவார். வாடிக்கையாளர் அதிகம் என்றால், நிலுவை வாக்கு உள்ளவர்களையும் பெரிய கணக்குகளையும் முதற் கிழமையில் முடியுங்கள். வருடத்தில் ஒருதரம் வாங்குகிறவருக்கு வாக்குப் பந்தி இல்லாத சுருக்கமான கடிதம் போதும்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தைப் புதியவரிடம் கொடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். இந்த வாடிக்கையாளர் நாளைக் காலை தொலைபேசி எடுத்து, ‘முந்தினவர் சொன்னது என்ன ஆச்சு?’ என்று கேட்டால், பழையவரைக் கூப்பிடாமல் இவரால் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அனுப்பலாம். முடியாது என்றால் கடிதத்தைத் திருத்திப் பயனில்லை. இருவரையும் திரும்ப மேசையில் இருத்தி, விடுபட்ட வாக்குகளை முதலில் எழுதுங்கள்.